ஒரு நாளைக்கு ஆறு தலை

மனைவியைப் பிரிந்த ஆண்கள் எல்லோரும் பரம ஏழைகள். இருபத்து மூன்று வருடமாக இந்த வேலையைப் பார்த்து நான் தெரிந்துகொண்டது இது. நேற்றுவரை நன்றாக வந்துகொண்டிருந்த வருமானம், பிள்ளைக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு வந்ததும் ஆவியாகிவிடும். இரண்டு லாரி வைத்திருப்பவர் என் மேஜைக்கு முன்னால் அறுந்த செருப்போடு வந்து நிற்பார். செருப்பு பக்கத்து வீட்டுக்காரருடையது என்பது, பின்னால் வழிந்து கிடக்கும் குதிகாலைப் பார்த்தாலே தெரியும்.

நான் குடும்ப நீதிமன்றத்தின் பராமரிப்புப் பிரிவில் விசாரணை அலுவலர். பிள்ளை யாரிடம் வளர்கிறதோ அவருக்கு மற்றவர் மாதாமாதம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் நீதிபதி. ஆனால் அவருக்கு எண்கள் வேண்டும். அப்பாவின் வருமானம், அம்மாவின் வருமானம், பிள்ளையின் செலவு, பிள்ளை மாதத்தில் யார் வீட்டில் எத்தனை நாள் தூங்குகிறது என்கிற கணக்கு. சம்பளக்காரர்களால் எனக்குத் தொல்லை இல்லை, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடும். சொந்தத் தொழில்காரர்களுக்குச் சீட்டு கிடையாது. பலருக்கு வெட்கமும் கிடையாது. அவர்கள் கடையிலேயே போய் இரண்டு நாள் உட்கார்ந்து, கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் எழுதிக்கொண்டு வருவது என் வேலை.

அப்படித்தான் அந்த சலூன்காரர் என்னிடம் வந்து சேர்ந்தார். அவருடைய தெருவில் அவருக்குக் கத்திரி என்று பெயர். மீசையை அடிமட்டம் வைத்து வெட்டியதுபோல் வைத்திருப்பார். பெஞ்சின் ஒரு கோடியில் அவர், மறு கோடியில் அவர் மனைவி. ஒன்றரை வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் ஒரு மருந்துக் கடையில் அரை நாள் வேலை பார்க்கிறாள். மாத்திரையை எண்ணிக் கொடுப்பது போலத்தான் வார்த்தையையும் கொடுப்பாள்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை வாடிக்கையாளர்கள்? அவர் ஆறு என்று எழுதியிருந்தார். அவள் இருபத்தாறு என்று எழுதியிருந்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருபது தலை காணாமப் போயிருக்கே," என்றேன்.

"ஆறுதான் மேடம்," என்றார் அவர். "இப்பல்லாம் யாரு முடி வெட்டிக்கிறாங்க? எல்லாரும் வளர்க்கிறாங்க."

அவளைப் பார்த்தேன். "உங்களுக்கு எப்படிம்மா இருபத்தாறுன்னு தெரியும்?"

"தெரியும்."

"அதான் எப்படின்னு கேட்கிறேன். கடைப் பக்கம் போறீங்களா?"

"அந்தத் தெருவுக்கே போறதில்ல."

"அப்ப யாராவது சொன்னாங்களா?"

"இருபத்தாறு மேடம். வேணும்னா நீங்களே போய்ப் பாருங்க."

சொல்லும்போது அவள் முகம் சிவந்தது. பொய் சொல்கிறவர்களின் சிவப்பு எனக்குப் பழக்கம். இது அந்தச் சிவப்பு இல்லை. என்னவென்றுதான் அன்றைக்குப் பிடிபடவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆறு தலை என்றால் வருகிற தொகை அவளும் மகளும் இருக்கும் வீட்டு வாடகையில் பாதிக்குக் கூடக் காணாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு அறை வீட்டைக் காலி செய்துவிட்டு, பதினொரு வயது மகளைக் கூட்டிக்கொண்டு அவள், ஊரின் மறு கோடியில் அண்ணனுடைய வண்டி ரிப்பேர்ப் பட்டறையின் மாடி அறைக்குப் போக வேண்டும். அண்ணன் அறையை வெள்ளையடித்து வைத்துவிட்டாராம். இருபத்தாறு என்றால் இருக்கிற இடத்திலேயே இருந்துகொள்ளலாம்.

"அண்ணன் நல்லவர்தான் மேடம்," என்றாள், புருஷன் வெளியே போன பிறகு. அவளாக வாயைத் திறந்தது அது ஒரு தடவைதான். "ஆனா அங்க போனா நான் சாகற வரைக்கும் தங்கச்சி. இங்க நான் ஒரு ஆளு."

முன்னறிவிப்பு இல்லாமல் போக வேண்டும் என்பது விதி. நானும் யாருக்கும் சொல்லாமல்தான் போனேன். ஆனால் கையில் கோப்போடு ஒரு பெண்பிள்ளை ஆண்கள் சலூனுக்குள் நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்தால், அதற்குத் தண்டோரா போட ஆள் வேண்டுமா என்ன? பக்கத்துக் கடையில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் எட்டிப் பார்த்தார், போனார். கால் மணி நேரத்தில் தெரு முழுக்க விஷயம் பரவிவிட்டது.

சின்னக் கடை. இரண்டு நாற்காலி, எதிரெதிராகக் கண்ணாடி. ஒவ்வொரு தலைக்கும் சலவை செய்த துண்டு என்று ஒரு பலகை. சீப்புகள் உயர வரிசைப்படி நின்றன. தரையில் ஒரு முடி கிடையாது. அன்றைக்கு முடி விழுவதற்கு ஆளும் கிடையாது. வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் இருந்த அந்த நாளில், தெருவில் பாதி ஆண்கள் தொப்பி போட்டுக்கொண்டு போனார்கள். தொப்பிக்குக் கீழே காதை மூடிக்கொண்டு முடி எட்டிப் பார்த்தது. கடையைக் கடக்கும்போது மட்டும் எல்லோருக்கும் எதிர்ப்பக்கத்துச் சுவரில் ஏதோ முக்கியமான வேலை வந்தது. சலூன்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டினார். நிஜமாகவே ஒரு ஈ இருந்தது.

மணிக்கு ஒரு தடவை கடிகாரக்காரர் வாசலில் வந்து நின்று, எனக்குக் கேட்கிற மாதிரி, "இன்னைக்கும் யாரும் வரலையாப்பா? பாவம்," என்பார். தினமும் காலையில் அங்கே வந்து சவரம் செய்துகொள்கிற மனிதர். நண்பனுக்காக அன்று தியாகம் செய்திருந்தார். தாடையைச் சொறிந்த சொறியலிலேயே தெரிந்தது.

மதியம் வரை மூன்று பேர். மூவரும் வெளியூர். மூன்று மணிக்கு என் முழங்கால் போதும் என்று சொன்னது. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை போனால் வாசலில் வரிசை நிற்கிறது. சேதி அண்ணன் காதுக்கும் எட்டிவிட்டது. பட்டறையில் இருந்த அத்தனை பேரையும் கிரீஸ் கையோடு கிளப்பி அனுப்பியிருந்தார். அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், போன வாரம்தான் வெட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தலையில் பெயருக்குக் கூட ஒரு முடி இல்லாத சித்தப்பா ஒருவரும் முறைப்படி வரிசையில் நின்று, நாற்காலியில் ஏறி, "சும்மா சுத்தி ஒரு தடவை ஓட்டி விடுங்க மாப்பிள்ளை," என்றார்.

சலூன்காரருக்கு எல்லாம் புரிந்தது. போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் வந்த தலையைத் திருப்பி அனுப்ப அவர் கை ஒப்பவில்லை. கத்திரிக்கோலை எடுத்ததும் என்னையும் மறந்தார், கோர்ட்டையும் மறந்தார். பட்டறைப் பையன்கள் ஏனோதானோவென்று ஒரு வெட்டு போதும் என்றார்கள். அவர் ஒவ்வொருவரையும் கல்யாண மாப்பிள்ளை ஆக்கித்தான் விட்டார். வித்தைக்காரர்களைப் பிடிக்க அவர்கள் கர்வமே போதும். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போனது. இந்த வேலையில் அது கூடாது.

மூன்றரை மணிக்கு அண்ணனே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சலூன்காரர் துணியைப் போர்த்தி, கத்தியைத் தீட்டும் தோல் வாரில் இரண்டு இழுப்பு இழுத்தார்.

"மாப்பிள்ளை, கழுத்துப் பக்கம் பார்த்து," என்றார் அண்ணன்.

"பயப்படாதீங்க மச்சான். மேடம் எல்லாத்தையும் எழுதிட்டிருக்காங்க."

எழுதிக்கொண்டுதான் இருந்தேன். அண்ணன் முப்பத்தெட்டாவது தலை. நேற்று மூன்று, இன்று முப்பத்தெட்டு. இரண்டும் பச்சைப் பொய். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நீதிபதி என்னை நிமிர்ந்து பார்த்து, இரண்டு நாள் அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்பார்.

நாலு மணிக்கு மகள் வந்தாள். பள்ளிக்கூட உடுப்பு, முதுகில் புத்தகப் பை, கையில் பெரிய துணிப் பை. வழக்கமான இடத்துக்குப் போகிறவள் போல நேராக உள்ளே போனாள். துணிப் பையிலிருந்து மடித்த துண்டுகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். மூலையில் குவிந்து கிடந்த அழுக்குத் துண்டுகளை அதே பைக்குள் திணித்தாள். சலூன்காரர் அண்ணன் தலையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு சோப்புத்தூள் பாக்கெட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அப்பா, நீலத் துண்டுல சாயம் போகுதாம். தனியா கட்டி அனுப்பச் சொன்னாங்க."

"சரின்னு சொல்லு."

என் பேனா நின்றது. "யாரும்மா சொன்னாங்க?"

"அம்மா."

"இந்தத் துண்டையெல்லாம் யாரு துவைக்கிறாங்க?"

அண்ணன் போர்வைக்குள்ளிருந்து தலையைத் திருப்பினார். ஒரு பக்கம் வெட்டியாகிவிட்டது, மறு பக்கம் அப்படியே இருந்தது. "என்னது? என் தங்கச்சியா துவைக்கிறா?"

சலூன்காரர் தொண்டையைச் செருமினார். "பாகம் பிரிச்சப்ப வாஷிங் மெஷின் அவ பக்கம் போச்சு மேடம். துண்டு என் பக்கம் வந்துச்சு. மெஷின் கடைக்குன்னே வாங்கினது, பெரிசு. துண்டைப் பத்தி யாரும் ஒண்ணும் பேசல. மறுநாளும் பாப்பா பையை எடுத்துட்டு வந்தா. நானும் கொடுத்தேன். அவளும் துவைச்சு அனுப்பிட்டா. அப்படியே போயிட்டிருக்கு."

"ஒன்றரை வருஷமாவா?"

"சோப்பு என்னோடது மேடம்," என்றார், நியாயவான் போல.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பூசணிக்காயைக் கொண்டுபோய் எதிராளி வீட்டிலேயே கொடுத்து வைத்தவரை அன்றுதான் பார்த்தேன். தலைக்கு ஒரு துண்டு. ஒரு நாளைக்கு ஆறு தலைதான் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலமே மற்ற இருபதையும் சேர்த்து மூட்டை கட்டி மனைவிக்கு அனுப்பியிருக்கிறார். தினமும். அவருக்கு அது தோன்றவே இல்லை. மனைவியின் முகம் ஏன் சிவந்தது என்பதும் அப்போது விளங்கியது. வேண்டாம் என்று விட்டு வந்த புருஷனின் துண்டை இன்னும் துவைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எந்தப் பெண் கோர்ட்டில் சொல்வாள்? அதுவும் இப்படி ஒரு அண்ணனை வைத்துக்கொண்டு. வழக்கில் ஜெயிக்க அந்த ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்வதற்குப் பதில் தோற்றுப் போகவும் தயாராக இருந்திருக்கிறாள். இருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாம்.

மகளைப் பக்கத்தில் கூப்பிட்டேன். "துவைச்ச துண்டை யாரு மடிக்கிறது?"

"நான்தான்."

"எண்ணுவியா?"

"எண்ணித்தான் மடிப்பேன். அஞ்சஞ்சா."

"அப்ப சொல்லு. ஒரு நாளைக்கு எத்தனை வரும்?"

கேட்டிருக்கக் கூடாது. கையில் மாட்டிய மீனைத் தூக்கிப் பார்க்கிற ஆசை எனக்கு. பதில் தெரிந்த தெம்பில் கேட்டுவிட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என் மடியிலிருந்த தாளைப் பார்த்தாள். இரண்டு அறை வீட்டில் பெரியவர்கள் பேசுவது எதுவும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்காது.

"ஆறு," என்றாள்.

தோளில் தொங்கிய பைக்குள் முப்பத்தேழு துண்டு இருந்தது. அந்தக் கனத்தில் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"பாப்பா, பொய் சொல்லாத," என்றார் அண்ணன்.

"பொய் இல்ல மாமா. ஆறுதான் வரும். இன்னைக்குத்தான் நிறைய."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த ஆறு நிலைத்துவிட்டால் முதலில் பறிபோவது அவளுடைய அறை, அவள் நடந்து போகிற பள்ளிக்கூடம். அது தெரிந்துதான் சொன்னாள். என் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள். இருபத்து மூன்று வருடத்தில் எத்தனையோ பொய் கேட்டிருக்கிறேன், எல்லாம் ஏதாவது ஒன்றை மிச்சம் பிடிப்பதற்கான பொய். தன் வீட்டையே கொடுத்து ஒரு பொய்யை வாங்கியவளை நான் பார்த்ததில்லை. ஆனால் என் கை பழக்கப்பட்ட கை. நான் யோசித்து முடிப்பதற்குள் அது எழுதிவிட்டது: மகள், வயது பதினொன்று, வாக்குமூலம், ஆறு.

சலூன்காரர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

"எழுதிட்டீங்களா மேடம்?"

"எழுதிட்டேன்."

"அதை அடிச்சிடுங்க."

"முடியாது. அடிச்சாலே தாள் செல்லாது. கீழ கார்பன் இருக்கு, அதுலயும் விழுந்திருக்கும்."

"சின்னப் பொண்ணு மேடம் அவ."

"தெரியுது."

"அவ பேருக்கு நேரா அது இருக்கக் கூடாது." அவர் குரல் இறங்கிவிட்டது. கண்ணாடியில் மகளைப் பார்த்தார். நேராகத் திரும்பிப் பார்க்க அவரால் முடியவில்லை. "நான் எழுதினது வேற. அது கோர்ட்டுக்குச் சும்மா எழுதினது. எல்லாரும் எழுதறதுதானேன்னு எழுதினேன். இவ எதுக்கு இதைச் சொல்லணும்?"

"உங்களுக்காகத்தான் சொல்றா," என்றேன். சுருக்கென்று தைக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

ஒரு வழி இருக்கிறது என்பதையும் சொன்னேன். வாக்குமூலத்துக்குக் கீழே சம்பந்தப்பட்டவர் தன் கைப்பட மறுப்பு எழுதலாம். ஆனால் அதற்கு முன்னால் விளைவைச் சொல்ல வேண்டியது என் கடமை. வருமானத்தைக் குறைத்துக் காட்டினேன் என்று ஒப்புக்கொண்டால், மனு போட்ட தேதியிலிருந்து குறைந்த தொகை முழுவதையும் ஒரே தவணையில் கட்ட வேண்டும். அதில் பாதி அளவுக்கு அபராதமும் உண்டு. அதன் பிறகு மாதத் தொகையை அவர் கையில் நம்பி விட மாட்டார்கள், ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து கோர்ட்டே எடுத்துக்கொள்ளும். இரண்டு மாதம் கணக்கில் பணம் இல்லையென்றால் கடை லைசென்ஸ் புதுப்பிக்கப்படாது.

வாசலில் நின்ற கடிகாரக்காரர், "நல்லா யோசிச்சு எழுதுப்பா," என்றார்.

"நீ யோசிச்சுச் சொன்னதாலதான் ஆறுன்னு எழுதினேன். இப்பக் கொஞ்சம் பேசாம இரு."

கையைக் கழுவினார். துடைத்துக்கொண்டார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து தாளை வாங்கினார். பாதித் தலையோடு அண்ணன் நாற்காலியிலேயே இருந்தார். சலூன்காரர் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார்: மேலே என் மகள் சொன்னது அவளுடைய பொய் இல்லை. அது நான் சொன்ன பொய். ஒரு நாளைக்கு இருபது பேர் வருவார்கள். கையெழுத்துப் போட்டார்.

வங்கிப் படிவத்தையும் நீட்டினேன். ஒரு நாள் வந்த உண்மை மாதாமாதம் தானாக வரும் என்று நம்புகிற உத்தியோகம் இல்லை என்னுடையது. படித்துப் பார்க்காமல் அதிலும் கையெழுத்துப் போட்டார்.

மகள் பையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று தாளைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"இருபது இல்லப்பா," என்றாள் மெதுவாக. "இருபத்தாறு. சனிக்கிழமை முப்பது தாண்டும்."

அவர் என்னைப் பார்த்தார். அடிக்க முடியாது என்பது அவருக்கு இப்போது தெரியும். பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கையெழுத்துக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் இன்னொரு வரி எழுதினார்.

இருபத்தாறு. எண்ணியது என் மகள்.